பொம்மையை வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்: வேலூர் வட்டாரப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தைக்கப்படும் தோல் காலணி ஐரோப்பாவில் விற்கப்பட வேண்டுமானால், அதன் தோலில் நச்சுத்தன்மை மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற அளவை எட்டக் கூடாது என்பது 2015 மே மாதம் முதல் அங்கே சட்டம். அதற்கும் முன்பே, 1990-களில் ஜெர்மனி பூஞ்சை பிடிக்காமல் தோலைக் காக்கும் பென்டாகுளோரோபினாலையும், அசோ எனப்படும் செயற்கைச் சாயங்களில் சிலவற்றையும் தடைசெய்தபோது, பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் தாங்கள் பயன்படுத்திய இரசாயனங்களையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அயல்நாட்டுக் குழந்தையின் காலில் படும் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சான்று வாங்கத் தெரிந்த இதே வட்டாரத்தில், நம் வீட்டுக் குழந்தை வாயில் வைத்துச் சப்பும் இறக்குமதிப் பொம்மையைப் பற்றி, 'இதைச் சோதித்தது யார், எந்தத் தர அளவின்படி?' என்று கேட்கும் வழக்கம் இன்னும் வரவில்லை. அந்தக் கேள்வியைக் கடையில் எப்படிக் கேட்பது, பதில் கிடைக்காதபோது என்ன செய்வது, வீட்டுக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட பொருட்களை எப்படிப் பிரித்து ஒதுக்குவது என்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அஞ்ச வேண்டியது எதற்கு என்பது தெளிவாக வேண்டும். மலிவான வண்ணப்பூச்சிலும், உலோக நகைகளிலும், சில பிளாஸ்டிக் வகைகளிலும் ஈயமும் காட்மியமும் இருக்கக்கூடும், பி.வி.சி. பிளாஸ்டிக்கை இளக வைப்பதற்குத் தாலேட் என்னும் சேர்மங்களைக் கலக்கிறார்கள், இவற்றில் சில உடலின் ஹார்மோன் இயக்கத்தில் குறுக்கிடுபவை. இவற்றுள் ஈயமே மிகக் கொடியது. இந்த அளவு வரை பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க ஓர் எல்லை ஈயத்துக்கு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும், பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு கூடுதலாக அதை உறிஞ்சிக்கொள்கிறது. வளரும் மூளையைத்தான் அது முதலில் தாக்குகிறது. இது எங்கோ நடக்கும் செய்தி அன்று. வேலூர் நகரின் எளிய குடும்பங்களில் பிறந்த குழந்தைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், இரண்டு மூன்று வயதுக்குள்ளேயே பலருடைய இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததையும், அது அவர்களின் அறிவுத்திறன் வளர்ச்சியைப் பாதித்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஈயமெல்லாம் பொம்மைகளிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. பழைய பெயின்ட், தெருப்புழுதி, பாத்திரம் எனப் பல வாயில்கள் உண்டு. ஆனால் பொம்மை என்னும் வாயிலை அடைப்பது பெற்றோரின் கையிலேயே இருக்கிறது.

கடையில்

14 வயதுக்கு உட்பட்டோருக்கான எந்தப் பொம்மையும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் இந்தியாவில் விற்கப்படக் கூடாது என்னும் ஆணை 2020-இல் வெளியாகி, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. வெளிநாட்டில் செய்யப்பட்ட பொம்மைக்கும் இது பொருந்தும். அதைச் செய்யும் தொழிற்சாலை இந்தியத் தர நிர்ணய அமைவனமாகிய பி.ஐ.எஸ்.-இடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். ஆகவே அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்ததும் விலையைப் பார்க்கும் முன் முத்திரையைத் தேடுங்கள். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 9873 என்றோ, மின்சாரத்தாலோ பேட்டரியாலோ இயங்கும் பொம்மையானால் ஐ.எஸ். 15644 என்றோ தர எண் இருக்கும், கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். உரிம எண் இல்லாத முத்திரை, அச்சகத்தில் எவரும் அடித்துக்கொள்ளக்கூடிய படம் மட்டுமே.

அந்த எண்ணைச் சரிபார்ப்பதற்கு 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் இலவசச் செயலி இருக்கிறது. உரிம விவரங்களைச் சரிபார்க்கும் பகுதியில் எண்ணை இட்டால், உற்பத்தியாளரின் பெயர், முகவரி, உரிமம் நடப்பில் உள்ளதா என்பவை திரையில் வரும். பெட்டியில் ஒரு நிறுவனமும் திரையில் வேறொரு நிறுவனமும் இருந்தால் பொம்மையைத் திரும்ப வைத்துவிடுங்கள். பெட்டியில் 'சி.இ.' என்ற ஐரோப்பியக் குறி இருப்பதைக் காட்டிச் சில கடைக்காரர்கள் உறுதி கூறுவார்கள். பெரும்பாலான பொம்மைகளுக்கு அது உற்பத்தியாளரே தாமாக அறிவித்துக்கொள்ளும் குறி. நம் நாட்டுச் சட்டத்தின் முன் அது ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு ஈடாகாது. இறக்குமதிப் பொருளாயின், இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தயாரான நாடும், அதிகபட்ச விலையும் உறையில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். சீன எழுத்து மட்டுமே உள்ள உறை, கேள்வி கேட்க ஆளில்லாத உறை.

பெரிய கடையில் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்று எண்ண வேண்டாம். 2023 ஜனவரியில் நாட்டின் பெரிய வணிக வளாகங்களிலும் விமான நிலையங்களிலும் இயங்கிய பெயர்பெற்ற கடைகளில் நடந்த சோதனைகளில், முத்திரையில்லாத பொம்மைகள் 18,600 வரை கைப்பற்றப்பட்டன. லாங் பஜாரிலும் புதிய பேருந்து நிலையத்தின் அருகிலும் சிறு கடை வைத்திருப்போர் பலர், மொத்த வியாபாரி கொடுத்ததை விற்பவர்களே. அவர்களிடம் சண்டைக்கு நிற்பதைவிட, 'ஐ.எஸ்.ஐ. போட்டது இருந்தால் எடுங்கள் அண்ணா' என்று ஒவ்வொரு முறையும் கேட்பது பயன் தரும். கேட்பவர் பெருகினால் அடுத்த கொள்முதலில் சரக்கு மாறும்.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவிலும் ஆடிக் கிருத்திகைக்கு இரத்தினகிரியிலும் விரிக்கப்படும் கடைகளில் உறையே இல்லாத பொம்மைகள்தான் மிகுதி. குழந்தை அழும்போது செயலியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க எவராலும் முடியாது. அங்கே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பளபளக்கும் வண்ணம் பூசியவற்றையும், மூக்கைத் துளைக்கும் பிளாஸ்டிக் நெடி அடிக்கும் மெத்தென்ற பொம்மைகளையும், மலிவான உலோகச் சங்கிலி, மோதிரம், கம்மல் ஆகியவற்றையும் தவிர்த்துவிட்டுப் பலூன் அல்லாத காகிதப் பொருள் ஒன்றை, காற்றாடியைப் போல, வாங்குவது ஓரளவு நல்லது. வெடித்த பலூன் துண்டு சிறு குழந்தையின் மூச்சுக்குழலை அடைத்துவிடும் என்பதால்தான் பலூனைத் தள்ளுகிறேன். ஈரமான வெள்ளைத் துணியால் பொம்மையைத் தேய்த்துப் பாருங்கள்; சாயம் துணியில் ஏறினால் அது எச்சிலிலும் ஏறும். ஆனால் சாயம் ஏறவில்லை என்பதால் ஈயம் இல்லை என்று ஆகிவிடாது. கண்ணாலும் மூக்காலும் ஈயத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை.

கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு இந்த ஆணையில் விலக்கு உண்டு. கைவினைத் துறையில் பதிவு பெற்றோர் விற்பவையும், புவிசார் குறியீடு பெற்ற சென்னபட்டணா மரப்பொம்மை போன்றவையும் முத்திரையின்றி விற்கப்படலாம். அரக்கும் தாவரச் சாயமும் ஏற்றிய மரப்பொம்மை எனக்குப் பிடித்தமானது. எனினும் அதே பாணியில் கடைப் பெயின்ட் அடித்த போலிகளும் சந்தையில் இருப்பதால், எதைப் பூசினீர்கள் என்று கேட்டே வாங்க வேண்டும்.

மேல்விஷாரம், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வீடுகளில் வளைகுடா நாடுகளிலிருந்து வரும் உறவினர் அன்போடு கொண்டுவரும் பொருட்கள் தனியாகச் சொல்ல வேண்டியவை. மாமா கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. ஆகவே அவர் புறப்படும் முன்பே, எந்த வயதுக்கானது என்று எழுதப்பட்ட பொம்மையைப் பெயருள்ள கடையில் வாங்கி வரும்படியும், பிரிக்காமல் பெட்டியோடு கொடுக்கும்படியும் சொல்லிவிடுவது நல்லது. அதே பையில் வரும் சுர்மா என்னும் கண்மையைக் குழந்தையின் கண்ணில் இடாதீர்கள். மரபான சுர்மாவில் முதன்மையாக இருப்பது பெரும்பாலும் ஈயத்தின் சல்ஃபைடே. கண்ணைக் கசக்கிய கை வாய்க்குப் போகிறது, அதனோடு ஈயமும் போகிறது.

பேட்டரி, காந்தம், ஜெல் மணி

நஞ்சைப் பற்றிப் பேசும்போது இவற்றை விட்டுவிட முடியாது, ஏனெனில் ஈயம் ஆண்டுக்கணக்கில் செய்யும் கேட்டை இவை சில மணி நேரத்தில் செய்துவிடும். பாட்டுப் பாடும் பொம்மை, ஒளிரும் செருப்பு, சிறு ரிமோட், எல்.இ.டி. மெழுகுவர்த்தி ஆகியவற்றில் இருக்கும் பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துப் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். விரல் நகத்தால் திறக்கும் மூடியுள்ள பொம்மை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே புறப்படுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சோறோ வாழைப்பழமோ கொடுத்துத் தள்ள முயலாதீர்கள். ஒரு வயதைக் கடந்து, நன்றாக விழுங்கக்கூடிய நிலையில் உள்ள குழந்தையானால், வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டித் தேன், ஆறு முறைக்கு மிகாமல், கொடுக்கலாம். தேனைத் தேடிப் பயணத்தைத் தாமதிக்கக் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது.

இரண்டு சிறு காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளை இடையில் வைத்து ஒட்டிக்கொண்டு குடலைத் துளைத்துவிடும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண ஜெல் மணிகள் வயிற்றுக்குள்ளும் அப்படியே பெருத்துக் குடலை அடைக்கும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் இவை இரண்டும் நுழையவே வேண்டாம். மற்ற உதிரிப் பாகங்களுக்கு ஓர் அளவு உண்டு: பாகம் தொண்டையில் சிக்குமா என்று பார்க்கும் சோதனை உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். எனவே அந்த நாணயத்தைவிடச் சற்றே பெரிய பொருள் வரை எல்லாமே தொண்டையை அடைக்கக்கூடியவை என்று கொள்ளுங்கள்.

வீட்டில்

2021-க்கு முன் வாங்கி, அக்கா பிள்ளையிடமிருந்து தம்பி பிள்ளைக்கு வந்த பொம்மைகளை ஒருநாள் தரையில் பரப்பிப் பாருங்கள். பெயின்ட் உரிந்தவை, பிசுபிசுப்பாகிவிட்ட மெத்தென்ற பிளாஸ்டிக், உடைந்த உலோக நகை ஆகியவற்றை ஒதுக்குங்கள். கொதிநீரில் போடுவதாலோ வெயிலில் காய வைப்பதாலோ ஈயம் போகாது. ஒதுக்கியவற்றை வேறொரு வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிடாமல், தனிப் பையில் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் இன்னதென்று சொல்லிக் கொடுங்கள். போகியன்று கொளுத்துவதற்காக எடுத்து வைக்காதீர்கள், பி.வி.சி. எரியும் புகையைத் தெருக்குழந்தைகள் எல்லோரும் சுவாசிப்பார்கள்.

பால் புட்டி வாங்கினால் அதிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மெலமைன் என்ற பெயரில் வரும் மலிவுத் தட்டுகளில் சூடான சாம்பாரும் புளிக்குழம்பும் ஊற்றிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், எவர்சில்வர் தட்டு போதும். நாஃப்தலீன் அந்துருண்டை மிட்டாய் போலத் தோன்றும்; ஜி6பி.டி. என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அதன் வாடையே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக்கூடும். கட்டில், தொட்டில், சன்னல் ஆகியவற்றுக்குப் பெயின்ட் வாங்கும்போது ஈய அளவு 90 பி.பி.எம்.-க்கு (பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு) உட்பட்டது என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயின்டுக்கு அதுவே சட்ட வரம்பு.

தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதோடு நில்லாமல் ஈரத் துணியால் துடைப்பதும், சாப்பிடும் முன் குழந்தையின் கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும் எளிய காப்புகள். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். நம் பக்கத்துக் கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் அந்த வகையில் குழந்தைக்குத் துணை.

ஈயம் ஏறிய குழந்தையிடம் பெரும்பாலும் அறிகுறி எதுவும் தெரியாது. காரணமில்லாத வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தசோகை, பேச்சு தாமதம், மண்ணும் சுண்ணாம்பும் தின்னும் பழக்கம் ஆகியவை இருந்தால் குழந்தை மருத்துவரிடம் இரத்த ஈயப் பரிசோதனை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். நஞ்சு எதையேனும் விழுங்கிவிட்டால் 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. மருத்துவமனைக்குச் செல்லும்போது பொருளின் உறையையும் எஞ்சிய துண்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

முத்திரையில்லாத பொம்மையை விற்கும் கடையைப் பற்றி 'பி.ஐ.எஸ். கேர்' செயலியிலோ 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ புகார் செய்யலாம். குற்றம் உறுதியானால் முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறையோ, 2 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. புகாருக்கு ரசீது துணையாகும்; ஐம்பது ரூபாய்ப் பொம்மையானாலும் கேட்டு வாங்கி, பெட்டியின் நான்கு பக்கங்களையும் கைபேசியில் படம் எடுத்து வைத்த பிறகு குழந்தையிடம் கொடுங்கள்.