செம்மண் தரையில் லோயர் ஆர்ம் மாற்றுவது எப்படி?

வேகத்தடையில் இறங்கும்போது காரின் முன்பக்கம் ‘டொக்’ என்று அடிக்கிறதா? பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா? முன்சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பாடியோடு இணைக்கும் இரும்புக் கையான லோயர் ஆர்மைப் பாருங்கள். இரும்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. போவது பாடி பக்கத்து ரப்பர் புஷ்ஷும், சக்கரப் பக்கத்தில் எப்பக்கமும் திரும்பும் குண்டு இணைப்பான பால் ஜாயின்ட்டும்தான். ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்தால் நம் காரைக்குடிப் பக்கத்துச் செம்மண் தூசி கிரீஸில் கலந்து அரமாய் அராவிவிடும்.

முதல் நாள் இரவே போல்ட்டுகளில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். மழை பெய்த செம்மண்ணில் ஜாக்கி புதையும், அடியில் அகலப் பலகை போடுங்கள். (வீட்டுப் பழைய தேக்குப் பலகையை எடுத்தால் ஆச்சிக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.)

வண்டி தரையில் நிற்கும்போதே சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த அளவு பிறகு வேண்டும்.

பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வீல் நட்டுகளை லேசாகத் தளர்த்தி, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். சக்கரத்தைக் கழற்றுங்கள். ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு) ஆர்மில் மாட்டியிருந்தால் அதையும் கழற்றுங்கள். நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பகுதி) பால் ஜாயின்ட்டைப் பிடிக்கும் போல்ட்டை முழுசாக உருவி, கம்பியால் ஆர்மைக் கீழே நெம்புங்கள். நக்கிள் வெளியே சாய்ந்தால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் கழன்றுவிடும்; கயிற்றால் கட்டிவிடுங்கள். பிறகு பாடி பக்கத்துப் போல்ட்டுகள்.

புதிய ஆர்மைப் பழையதோடு சேர்த்துவைத்து இடமா வலமா என்று பாருங்கள். பாடி போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். பால் ஜாயின்ட் தண்டிலுள்ள பள்ளம் போல்ட் துளைக்கு நேராக வந்தால் போல்ட் கையாலேயே நுழையும். நுழையாவிட்டால் தண்டு முழுசாக ஏறவில்லை. சுத்தியலால் அடித்தால் மரை போய்விடும். நுழைந்ததும் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். லிங்க்கையும் மாட்டுங்கள்.

புதியவர்கள் தவறுவது இனிதான். ஆர்ம் தொங்கும் நிலையில், கையால் ஏற்றிய பாடி பக்கத்துப் புஷ் போல்ட்டை இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். இன்னொரு ஜாக்கியை ஆர்மின் பால் ஜாயின்ட் ஓரத்தில் கொடுத்து, சக்கரம் மாட்டும் அச்சின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை முன்பு குறித்த அளவு வரும்வரை மெதுவாக ஏற்றி, அதற்குப் பிறகு இறுக்குங்கள். வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள்.

சக்கரத்தை மாட்டி, வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். குன்றக்குடி வரை போய்த் திரும்பியதும் வீல் நட்டுகளை மறுபடி சோதியுங்கள். அப்போதும் ‘டொக்’ கேட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஸ்டெபிலைசர் லிங்க்.