அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் இரவு வானத்தைப் படமெடுக்க: வாயில் மூடும் நேரத்துக்குப் பிறகு உள்ளே இருப்பதற்கான வழிகள்

முதுமலையையும் களக்காட்டையும் பார்த்து வளர்ந்த நமக்கு, பொழுது சாய்ந்தால் காட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அதே எண்ணத்தோடு அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களுக்குப் போகும் நம்மவர்கள் பலர், கேமராவும் ட்ரைபாடும் காரில் இருக்க, சூரியன் மறைந்ததும் விடுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் டெத் வேலி, ஜோஷுவா ட்ரீ, ஆர்ச்சஸ், கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பு போன்ற இடங்கள் 24 மணி நேரமும் திறந்திருப்பவை. நள்ளிரவில் உள்ளே நுழைவதற்கும் தனி அனுமதி தேவையில்லை. வேறு சில பூங்காக்களிலோ சாயங்காலமே இரும்புக் கதவைப் பூட்டிவிடுவார்கள். ஆகவே எந்த லென்ஸை எடுத்துச் செல்வது என்று யோசிக்கும் முன்பு, நீங்கள் போகும் பூங்கா இரவில் யாரை உள்ளே விடும், எப்படி விடும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதை அறிய நம்பகமான இடம் ஒன்றுதான். கூட்டாட்சி விதித் தொகுப்பின் 36ஆம் தலைப்பு, பிரிவு 1.5, ஒவ்வொரு பூங்காவின் தலைமை அதிகாரிக்கும் எந்தப் பகுதியை எந்த நேரத்தில் மூடுவது என்று முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்கிறது. அப்படி அவர் பிறப்பித்த ஆணைகளையெல்லாம் சேர்த்து 'சூப்பரின்டென்டென்ட்ஸ் கம்பெண்டியம்' என்ற பெயரில் பூங்காவின் இணையதளத்தில் வெளியிடுகிறார்கள். பல பக்கங்கள் ஓடும் வறண்ட ஆவணம் அது. ஆனால் 'சன்செட்', 'ஓவர்நைட்', 'ஆர்ட்டிஃபிஷியல் லைட்' ஆகிய மூன்று சொற்களை அதற்குள் தேடினால் உங்களுக்கு வேண்டியவை பெரும்பாலும் கிடைத்துவிடும். பயண வழிகாட்டிகளும் நண்பர்களும் சொல்வது சென்ற ஆண்டின் நிலவரமாக இருக்கலாம், கம்பெண்டியமோ நடப்பு விதி. அதன் அந்தப் பக்கங்களை அச்செடுத்துக் காரில் வைத்திருப்பதை நான் பழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான பாலைவனப் பூங்காக்களில் கைபேசிக்குச் சிக்னல் இருக்காது.

முதலில், இரவிலும் திறந்திருக்கும் பூங்காக்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படத்தை விற்பதாக இருந்தால் அனுமதி வாங்க வேண்டுமா என்ற குழப்பம் நெடுங்காலமாக இருந்தது. 2025 ஜனவரி 4 அன்று கையெழுத்தான எக்ஸ்ப்ளோர் சட்டம் அதைப் பெருமளவு தீர்த்துவிட்டது. குழுவில் ஆறு பேருக்குக் குறைவாக இருந்து, கையில் தூக்கிச் செல்லும் கருவிகளை மட்டும் பயன்படுத்தி, பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் இடத்தில், மற்றவர்களுக்கு இடையூறு செய்யாமலும் இயற்கைக்குச் சேதம் விளைவிக்காமலும் படமெடுத்தால், அது வணிக நோக்கமாக இருந்தாலும் பெர்மிட்டும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். வழக்கமான நுழைவுக் கட்டணம் இதில் சேராது. இரவில் சாவடியில் ஆள் இல்லாவிட்டாலும் அதைச் செலுத்தித்தான் ஆக வேண்டும். காசு வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்கு இரவுப் படக்கலை கற்றுக்கொடுப்பது முற்றிலும் வேறு கணக்கு. அதற்கு வணிகப் பயன்பாட்டு அங்கீகாரம் தனியாகப் பெற வேண்டும். நண்பர்களிடம் பெட்ரோல் செலவைப் பங்கிட்டுக்கொள்வதையும் பயிற்சி முகாம் நடத்துவதையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு சிக்கலில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

திறந்திருக்கும் பூங்காவில் பலர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: இரவில் படமெடுக்கலாம், ஆனால் பார்க்கிங்கில் தூங்கக் கூடாது. டெத் வேலியின் பேட்வாட்டர் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் அந்த உப்புவெளியில், ஒருமுறை இரவு ஒரு மணிக்குக் காருக்குத் திரும்பியபோது ரேஞ்சர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "இங்கே தூங்கப் போகிறீர்களா?" என்பதுதான். விளக்கைத் தரைநோக்கித் தாழ்த்திப் பிடித்தபடி பின்னிருக்கையைப் பார்த்தார். அங்கே கேமராப் பையும் பிளாஸ்க்கும் இருந்தனவே தவிர, விரித்த படுக்கை எதுவும் இல்லை. ட்ரைபாடின் கால்களில் ஒட்டியிருந்த உப்பைக் காட்டி, படமெடுத்து முடித்துவிட்டேன், ஃபர்னஸ் கிரீக் கேம்ப்கிரவுண்டில் (கூடாரம் போட்டுத் தங்கும் இடம்) இடம் பதிவு செய்திருக்கிறேன் என்று சொன்னதும், சாலையில் கொயோட்டிகள் குறுக்கே வரும், மெதுவாகப் போங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பதிவுச் சீட்டைக் கையில் வைத்திருந்ததால் அந்த உரையாடல் இரண்டே நிமிடத்தில் முடிந்தது. கேம்ப்கிரவுண்டில் ஓர் இடத்தைப் பதிவு செய்துகொள்வதுதான் எந்தப் பூங்காவிலும் இரவுக்கான சிறந்த அனுமதிச் சீட்டு என்பது என் உறுதியான கருத்து. அது இருந்தால் உள்ளே இருப்பதற்கான காரணத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, தூக்கக் கலக்கத்தோடு மலைப்பாதையில் வண்டி ஓட்டவும் வேண்டியதில்லை.

பூங்கா திறந்திருந்தாலும் அதற்குள் சில பகுதிகள் இரவில் மூடப்பட்டிருக்கும். ஜோஷுவா ட்ரீயில் பார்க்கர் டேம் போன்ற இடங்கள் பகல் பயன்பாட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டவை. பாலைவன விலங்குகள் ஆள் அரவம் இல்லாமல் நீர் குடிக்க வருவதற்காகவே அந்த ஏற்பாடு. நியூ மெக்ஸிகோவின் சாக்கோ கல்ச்சர் பூங்காவில் பழங்காலக் கட்டடங்களைச் சுற்றிவரும் சாலையைச் சூரியன் மறையும் நேரத்தில் மூடிவிடுவார்கள். ஆனால் அங்கேயே உள்ள காயோ கேம்ப்கிரவுண்டில் தங்கினால், மலைப்பாறைகளின் பின்னணியில் இருண்ட வானம் முழுவதும் கிடைக்கும்.

இனி, வாகனத்துக்கு மட்டும் கதவை மூடும் பூங்காக்கள். அரிசோனாவில் டூசான் நகரை ஒட்டியிருக்கும் சகுவாரோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாலையில் கார்களுக்கு வாயில் மூடப்படும். நடந்தோ சைக்கிளிலோ போவதற்கு 24 மணி நேரமும் தடையில்லை. வெளியே எங்கே வண்டியை நிறுத்தலாம் என்பதை மட்டும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். வாயிலுக்கு உள்ளே விட்டுவிட்டால் காலை வரை வண்டி அங்கேயே சிறைப்படும். அதே மாநிலத்தின் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் மாலையிலேயே மூடிவிடும் பூங்கா. ஆனால் அதன் வனப்பகுதியில் கூடாரம் போடுவதற்கான பெர்மிட்டை அன்றே நேரில் போய்க் கட்டணமின்றி வாங்கிக்கொள்ளலாம். அதை வாங்கியவர் பெயின்டட் டெசர்ட் பகுதியில் இறங்கி நடந்து, விடிய விடிய வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அரிசோனா கோடைகாலத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளுவதில்லை. அண்டை மாநிலத்திலிருந்து வருபவர்கள் இந்த ஒரு மணி நேர வித்தியாசத்தை மறந்து, அலுவலகம் திறக்கும், மூடும் நேரத்தைத் தப்பாகக் கணக்கிட்டு ஏமாறுவதுண்டு.

முழுமையாகப் பூட்டப்படும் பூங்காக்களில் முன்னிலையில் வைத்துச் சொல்ல வேண்டியது நியூ மெக்ஸிகோவின் வைட் சேண்ட்ஸ். 2019 டிசம்பரில் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட இந்த இடம், சுமார் 275 சதுர மைல் பரந்த ஜிப்சம் மணல்மேடுகளின் ஒரு பகுதி. அந்த வெண்மணல் நட்சத்திர வெளிச்சத்தையே வாங்கித் திருப்பித் தருவதால், நிலவில்லாத இரவிலும் மேடுகளின் வளைவுகள் படத்தில் துலங்கும். சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் வாயில் பூட்டப்பட்டுவிடும். அதற்குப் பிறகு தங்குவதற்கும் அதிகாலையில் முன்கூட்டி நுழைவதற்கும் தனி பெர்மிட் உண்டு. அதற்கு மணிக்கு 50 டாலர் என்ற அளவில் கட்டணம். நடப்புத் தொகையை விண்ணப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். தொகை கூடுதலாகத் தோன்றலாம். ஆனால் சிறப்பு அனுமதிகளால் ஆகும் செலவை விண்ணப்பதாரரிடமே பெற்றுக்கொள்வது பூங்காச் சேவையின் வழக்கம். இந்தப் பூங்கா ஓர் ஏவுகணைச் சோதனைத் தளத்தால் சூழப்பட்டிருப்பதால், சோதனை நாட்களில் சாலையையே சில மணி நேரம் மூடுவார்கள் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. பெரும்பாலான பூங்காக்கள் சிறப்புப் பயன்பாட்டுக்கு 10-930 என்ற எண்ணுள்ள படிவத்தையே கேட்கின்றன. அதில் 'நட்சத்திரப் படமெடுக்க அனுமதி வேண்டும்' என்று ஒரே வரியில் எழுதினால், அதிகாரி மேலும் விவரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புவார். நீங்கள் பதில் போடுவதற்குள் அமாவாசை கடந்துவிடும். நான் எழுதும்போது எந்தச் சாலையில், எந்த மைல் கல்லுக்கு அருகே நிற்கப் போகிறேன், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு வெளியேறுவேன், எத்தனை பேர், எத்தனை வண்டிகள், வண்டியின் பதிவு எண் என்ன, ஒரு ட்ரைபாடும் ஒரு கேமராவும் தவிர வேறு கருவி இல்லை, செயற்கை விளக்கால் எதையும் ஒளியூட்ட மாட்டேன், பாதையை விட்டு விலக மாட்டேன் என்பனவற்றை வரிசையாகக் குறிப்பிடுவேன். மேகம் வந்தால் மாற்று இரவு எது என்பதையும் அதே விண்ணப்பத்தில் எழுதிவிடுவேன், ஏனென்றால் அனுமதி பெற்ற தேதியைப் பிறகு மாற்றுவது மறுபடியும் விண்ணப்பிப்பதற்குச் சமம். குறைந்தது ஒரு மாதம் முன்னதாக அனுப்பி, ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் தொலைபேசியில் பணிவாக நினைவூட்டுங்கள். அலுவலகத்தில் இருப்பவர் அனேகமாக ஒருவர்தான், அவருக்கு இன்னும் பல வேலைகள் இருக்கும்.

தேதியைத் தேர்ந்தெடுப்பதற்கு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே போதும், ஆனால் ஒரு திருத்தம் வேண்டும். இந்திய நேரம் கலிபோர்னியாவின் கோடைக்கால நேரத்துக்குப் பன்னிரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே நம் நாட்காட்டியில் அமாவாசை என்று அச்சிட்ட நாள் கலிபோர்னியாவில் முந்தைய நாளாக இருக்கலாம். அதைவிட முக்கியம், பால்வெளியின் மையப்பகுதி எந்தப் பருவத்தில் எப்போது எழுகிறது என்பது. மார்ச், ஏப்ரலில் அது விடியலுக்கு முன்பு தென்கிழக்கில் எழும். அப்போது மாலையிலோ நள்ளிரவை ஒட்டியோ மறைந்துவிடும் வளர்பிறை நாட்கள் உதவும். செப்டம்பர், அக்டோபரில் அது மாலையிலேயே தென்மேற்கில் நிற்கும்; அப்போது நள்ளிரவுக்குப் பிறகே நிலவு எழும் தேய்பிறை நாட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த மாதமானாலும் சூரியன் தொடுவானத்துக்கு 18 பாகை கீழே இறங்கும் வரை வானம் முழுதாக இருளாது. ஜூன் மாதத்தில் அதற்குச் சூரியன் மறைந்த பிறகும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். பெர்மிட்டுக்கு மணிக்கணக்கில் பணம் கட்டும்போது இந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கேளுங்கள். டெத் வேலியில் கிழக்குத் தொடுவானத்தை லாஸ் வேகாஸ் நகரின் ஒளி வெளுக்கச் செய்வதால், பேட்வாட்டருக்கு நான் இலையுதிர் காலத்தையே சிபாரிசு செய்வேன். அப்போது பால்வெளி உப்புவெளிக்கு மேலே நகரத்துக்கு எதிர்த்திசையில் சாய்ந்து நிற்கும்.

உள்ளே போன பிறகு விளக்கைப் பற்றிய விதிகளில் கவனமாக இருக்க வேண்டும். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் பூங்காக்களில் டார்ச் அடித்துப் பாறை வளைவுகளுக்கு ஒளியூட்டிப் படமெடுப்பது தடைசெய்யப்பட்டிருக்கிறது. பாதையைப் பார்க்க ஹெட்லேம்ப் பயன்படுத்தலாம். முன்நிலம் கருப்பாக இருக்கிறதே என்று வருந்துபவர்கள், கேமராவை அசைக்காமல் அந்தி வெளிச்சத்திலேயே ஒரு படத்தை எடுத்துவைத்து, பிறகு நட்சத்திரப் படத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். விளக்கைக் காட்டி விலங்குகளைத் தேடுவது கூடாது. ட்ரோனை எல்லாத் தேசியப் பூங்காக்களிலும் 2014 முதல் தடைசெய்திருக்கிறார்கள். ஹெட்லேம்பைச் சிவப்பு ஒளியில் மட்டும் வைத்திருப்பது உங்கள் கண்ணுக்கும் நூறு அடி தள்ளி இருபது விநாடி எக்ஸ்போஷரில் காத்திருக்கும் இன்னொருவருக்கும் செய்யும் உதவி.

பாதுகாப்பில் எதையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டெத் வேலியில் கோடையில் நள்ளிரவிலும் 32 டிகிரிக்கு மேல் வெப்பம் நீடிக்கும். வெதுவெதுப்பான இரவுகளில் விரியன் வகைப் பாம்புகள் பாதையில் கிடக்கும். ஆகையால் ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீரும் கணுக்காலை மூடும் காலணியும் அவசியம். திரும்பும் நேரத்தை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கிளம்பும் அன்று சாலை நிலவரத்தைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் ஹிலாரி புயலின் மழை டெத் வேலியின் சாலைகளை அரித்துச் சென்றதால், அந்தப் பூங்கா சுமார் இரண்டு மாதங்கள் மூடியிருந்தது. மழைக்குப் பின் ஈரமாக இருக்கும் உப்புவெளியில் கால் வைத்தால், தேன்கூடு போன்ற அதன் அறுகோண விளிம்புகள் நொறுங்கி, அந்தத் தடம் நெடுநாள் நிலைத்துவிடும்.

பகல் வெளிச்சத்திலேயே இடத்தை அடைந்து, ட்ரைபாடை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்பதை ஒருமுறை நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காரைத் திரும்பிப் போகும் திசையில் நிறுத்தி, கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்கை அணைத்துவிடுங்கள். படமெடுத்து முடித்ததும் லென்ஸ் மூடியையும் துடைக்கும் துணியையும் எண்ணிப் பார்த்து எடுத்துக்கொண்டு, பக்கத்தில் யாராவது இன்னும் படமெடுத்துக்கொண்டிருந்தால் குரல் கொடுத்துக் கேளுங்கள். அவருடைய ஷட்டர் மூடும் வரை காத்திருந்து, அதன்பின் காரின் விளக்கைப் போடுங்கள்.