திருப்பி அனுப்பிய மூட்டை எத்தனை?

போன மாதம் கோத்தகிரி பக்கம் அரவேணுவில், புதிதாக வர்க்கி (ஊட்டிப் பக்கத்து பொரபொரப்பான பிஸ்கட்) அடுப்பு போட்டிருக்கும் ஒரு தம்பியைப் பார்க்கப் போயிருந்தேன். மேட்டுப்பாளையத்தில் இருந்து லோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. இருபது மைதா மூட்டையில் மூன்று அடியில் நனைந்திருந்தன. "அண்ணே, இந்த மூணையும் எடுத்துட்டுப் போயிடுங்க, ஓனர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் தம்பி. டிரைவர் தலையாட்டினார். பில்லில் இருபது என்றே இருந்தது. தம்பி அதில் அப்படியே கையெழுத்துப் போட்டார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் கோத்தகிரியில் நான் செய்ததும் அச்சு அசலாக இதுதான்.

மூட்டையை எடை போடுங்கள், பில்லைத் தொலைக்காதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. கடை வைக்கத் துணிந்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்? சப்ளையரோடு நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வாய்ச்சொல்லில் சரக்கைத் திருப்புவது

அது ஐப்பசி அடைமழை. குஞ்சப்பனை ஏற்றத்தில் லாரியின் தார்ப்பாய் கிழிந்து, கடைக்கு வந்த மைதா கட்டி தட்டியிருந்தது. அந்த மாவில் வர்க்கி போட்டால் பொரபொரப்பே வராது. நனைந்ததை அதே லாரியில் திருப்பி அனுப்பிவிட்டு போன் போட்டேன். "கழிச்சுக்கலாங்க" என்றார் சப்ளையரின் மேனேஜர். நானும் நிம்மதியாக அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அதன் பிறகு நான் பணம் அனுப்பிய விதம் இருக்கிறதே, அது இன்னும் மோசம். ஒருநாள் 25,000, இன்னொரு நாள் 40,000, கையில் இருந்தபோது இருந்ததை அனுப்பினேன். எந்த பில்லுக்கு எவ்வளவு என்று நானும் எழுதவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மார்ச் கடைசியில் அவர்களிடம் இருந்து என் வரவு செலவுக் கணக்கு, அதாவது லெட்ஜர் வந்தது. நனைந்த மூட்டைகளின் பணம் பாக்கியில் அப்படியே நின்றது. பழைய மேனேஜர் வேலையை விட்டுப் போயிருந்தார். "எழுத்துல ஏதாச்சும் இருக்குங்களா?" என்றார் புதிதாக வந்தவர். இல்லை.

எட்டு மூட்டை என்று நான் அடித்துப் பேசினேன். அவர்கள் குடோன் நோட்டில் ஐந்து என்று இருந்தது. இரண்டு வாரம் இழுபறி. ஒருநாள் வீட்டில் பழைய தினசரி காலண்டரைப் புரட்டினால், என் மனைவி கையெழுத்தில் "மாவு 6 ரிட்டன்". ஒரே லோடுக்கு மூன்று கணக்கு. எது சரி என்று இன்றுவரை எனக்கே தெரியாது. பணம் போனதைவிட, தெரியாத ஒன்றுக்காக அவ்வளவு சத்தம் போட்டேனே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்தச் சண்டையில் அவர்கள் லோடை நிறுத்தினார்கள். மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டம் வரும் நேரம். குன்னூரில் சில்லறைக் கடையில் மூட்டைக்கு நூறு, நூற்றைம்பது கூடக் கொடுத்து வாங்கி ஓட்டினேன்.

இப்போது கார்பன் வைத்த டூப்ளிகேட் புத்தகம் ஒன்று எடை மெஷின் பக்கத்திலேயே தொங்குகிறது. சரக்கு திரும்பிப் போனால் தேதி, பில் எண், வண்டி எண், எத்தனை மூட்டை, என்ன காரணம் என்று எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்குவேன். அவர் கொண்டுவந்த பில் நகலிலும் "17 மட்டும் பெற்றேன்" என்று எழுதிய பிறகுதான் என் கையெழுத்து. டிரைவர் அவசரப்படுவார், படட்டும். இவ்வளவு கழிக்க வேண்டும் என்று அன்றே டெபிட் நோட் அனுப்புவேன். கழித்துவிட்டோம் என்று அவர்கள் தரும் கிரெடிட் நோட்டின் எண் வரும்வரை நோட்டில் அந்த வரி சிவப்பு மையில் நிற்கும். பணம் அனுப்பும்போது பில் எண்ணைக் குறிப்பிட்டு, திருப்பிய சரக்கின் தொகையையும் அதே பில்லில் கழித்துவிடுவேன். லெட்ஜர் ஒப்பிடுவது மாதாமாதம்.

ஜிஎஸ்டி வந்த பிறகு இதில் இன்னொரு சிக்கல். 50 கிலோ மைதா மூட்டைக்கு வரி இல்லை. 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிளோடு வந்தால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். வரி உள்ள சரக்கைத் திருப்பினால், சப்ளையர் அதற்கான கிரெடிட் நோட்டைக் கணக்கில் காட்ட, சரக்கை விற்ற நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் நேரம். அதற்குள் அவர் ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்ன் போட்டுவிட்டால் அன்றோடு சரி. தவறவிட்டால், கட்டிய வரியை அவரால் குறைத்துக்கொள்ள முடியாது. அப்புறம் அந்த வரிப் பணத்தை உங்களுக்கு எப்படித் திருப்பித் தருவார்?

டிரைவரிடம் பாக்கிப் பணம் கொடுத்தனுப்புவது

கூடாது. டீ வாங்கிக் கொடுங்கள், போதும்.

விலை ஏறிய தேதியைக் குறிக்காமல் விடுவது

பழைய விலையில் சொன்ன ஆர்டருக்குப் புது விலையில் பில் வரும். ஆர்டர் சொன்ன தேதி உங்கள் நோட்டில் இல்லை என்றால் வாதாடவே முடியாது.

அட்டைப்பெட்டிக்காரரைக் காக்க வைப்பது

பெரிய மில்லுக்கு உடனே பணம், பக்கத்து ஊரில் பெட்டி செய்து தருபவருக்கு மூன்று மாதம் கழித்து என்பது நம் பழக்கம். அவர் குறு, சிறு உற்பத்தியாளராகப் பதிவு செய்திருந்தால் 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி பணம் கொடுக்கக் கெடு, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாள். 2023-24 நிதியாண்டில் இருந்து வருமான வரியிலும் இது கடிக்கிறது. கெடு தாண்டினால், பணம் கொடுத்த வருஷத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒரே சாலையில் இரண்டு சப்ளையர்

"எனக்கு ரெண்டு பார்ட்டி இருக்காங்கண்ணா" என்றார் அரவேணு தம்பி. இரண்டு பேருமே மேட்டுப்பாளையம், இரண்டு லாரியும் ஏறுவது கோத்தகிரி சாலை. மண் சரிந்தால் இரண்டும் ஒன்றுதான். 2009 நவம்பரில் மலையில் பல இடங்களில் மண் சரிந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இதை மாற்று ஏற்பாடு என்று சொல்ல மாட்டார்கள். நான் ஐப்பசி பிறக்கும் முன்பே இரண்டு வாரச் சரக்கை மேலே ஏற்றிவிடுவேன். மைசூர்ப் பக்கம் இருந்து ஒருவரிடம் சிறிதளவு வாங்கிப் பழக்கமும் வைத்திருக்கிறேன். வழியில் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடல் என்பதால் அவர் லோடு ஒருநாள் தள்ளியே வரும்.

அதனால் சரக்கு வரவு நோட்டில் "தாமதம்" என்று மட்டும் எழுதுவதில்லை, பக்கத்தில் காரணத்துக்கும் ஒரு கட்டம் உண்டு: மண் சரிவு, செக்போஸ்ட், வண்டி ரிப்பேர், சப்ளையரே அனுப்பவில்லை. போன வருஷம் ஒரு சப்ளையரை மாற்றியது, அந்தக் கட்டத்தில் கடைசிக் காரணம் மட்டும் ஏழு முறை இருந்ததைப் பார்த்துத்தான்.