தண்ணீரில் கண்டம் இருந்தாலும் ஸ்கூபா போகலாம்

என் ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்று பெரம்பூர் ஜோசியர் ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதனால் அம்மா என்னை மெரினாவில் முழங்காலுக்கு மேல் நனைய விட்டதில்லை. நீச்சல் தெரியாது. கண்ணாடி, மீசை, சைனஸ் மூன்றும் உண்டு. சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி கடலுக்குள் இறங்குவதுதான் ஸ்கூபா. அதற்காக அந்தமான் போய் முதல் முறை தோற்றுத் திரும்பினேன், இரண்டாம் முறை கடலடிக்குப் போய் வந்தேன். நடுவில் கற்றுக்கொண்டது இது.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு, இப்போதைய பெயரில் ஸ்ரீ விஜயபுரத்துக்கு, விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல். தனியார் கப்பல் வேகம், அரசுக் கப்பல் மலிவு. ஏறுவதற்கு முன் இரண்டு இட்லி போதும், பூரி வேண்டாம். டிக்கெட் போடும்போதே ஒன்றைக் கணக்கில் வையுங்கள்: டைவ் கடைசி நாளில் வரக் கூடாது. ஒரு முறை இறங்கினால் 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. ஆழத்தில் சுவாசித்த நைட்ரஜன் உடம்பில் கரைந்து நிற்கும். அழுத்தம் குறைந்த உயரத்துக்கு உடனே போனால், கோலி சோடாவின் குண்டைத் தட்டியதுபோல் குமிழாகக் கிளம்பிவிடும்.

முதுகுப் பையில் கைலி, இரண்டு ஈரிழைத் துண்டு, ரொக்கம். டர்க்கி டவல் அந்த ஈரக்காற்றில் காயவே காயாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். நீச்சல் தெரியாதது பிரச்சினையே இல்லை. முதல்முறைக்காரர்களைப் பயிற்றுநர் கையை விடாமல் பிடித்துக் கூட்டிப்போவார், 12 மீட்டருக்குக் கீழே போக மாட்டார்கள். பிரச்சினை காது. முதல் முறை நான் சளியோடு போனேன். உடல்நலப் படிவத்தில் அதை மறைத்தேன். மூன்று மீட்டரில் காதுக்குள் ஊசி குத்தியது. மேலே வந்து, கட்டிய பணத்தை நினைத்தபடி கரையில் இளநீர் குடித்தேன். மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கீழே இருக்கும்போது மருந்து வேகம் தணிந்தால் ஏறும்போது காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். சென்னையிலேயே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அதனால் இறங்க ஆரம்பித்ததுமே கண்ணையும் மூக்கையும் மூடியிருக்கும் மாஸ்க்குக்கு மேலாக மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும், அரை மீட்டருக்கு ஒரு தரம். வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. அடைப்பு விடவில்லையா, கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயலுங்கள், முக்கி ஊதாதீர்கள். மூக்கைப் பிடித்து எச்சில் விழுங்கினாலும் திறக்கும். நான் இதைத் தாம்பரம் போகும் மின்சார ரயிலில் பழகினேன். எதிர் சீட்டு அம்மா என்ன நினைத்தாரோ, தன் மூக்கையும் முந்தானையால் மூடிக்கொண்டார்.

அடுத்தது மூச்சு. தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்கள் மூச்சடக்கி இறங்கினார்கள். மேலே இழுத்த மூச்சோடு போய் அதே மூச்சோடு திரும்பியதால் நுரையீரலுக்கு அது தாங்கியது. நாம் சிலிண்டரிலிருந்து ஆழத்தின் அழுத்தத்தில் காற்றை இழுக்கிறோம். பத்து மீட்டரில் இழுத்ததை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழியும். "மூச்சு விட்டுக்கிட்டே இருங்கண்ணா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார் எங்கள் பயிற்றுநர், போர்ட் பிளேரில் பிறந்த தமிழர். வாயால் நிதானமாக இழுத்து, அதைவிட நிதானமாக விடுங்கள்.

மீசைக்காரர்களுக்கு: மாஸ்க்கின் விளிம்பு முடிமேல் உட்கார்ந்தால் தண்ணீர் கசியும். மூக்கை ஒட்டி ஒரு கோடு மட்டும் வழித்தேன், மானம் தப்பியது. கண்ணாடி போடுபவர்கள் பவர் மாஸ்க் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மாஸ்க்கின் கண்ணாடி மங்காதிருக்க உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்து அலசுவார்கள், அருவருப்புப் பார்க்காதீர்கள். அப்புறம், கட்டைவிரலை உயர்த்தினால் அங்கே ‘சூப்பர்’ இல்லை, ‘மேலே போகலாம்’. நல்லா இருக்கேன் என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும்.

நாங்கள் இறங்கிய இடம் நீமோ ரீஃப், கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். கடற்சாமந்திக்குள் கோமாளி மீன் ஒளிந்து ஒளிந்து எட்டிப் பார்த்தது. தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், ஊருக்கு வந்து மீன் அளவு சொல்லும்போது குறைத்துச் சொல்லுங்கள். எதையும் தொடாதீர்கள். உதிர்ந்த பவளத் துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் சோதிப்பார்கள்.

நிறங்களில் முதலில் மறைவது சிவப்பு. மணிக்கட்டில் அம்மா கட்டிவிட்ட சிவப்புக் கயிறு எட்டு மீட்டரில் கறுத்துப்போனது. வீட்டுக்கு வந்து போட்டோவைக் காட்டினேன். சுற்றி இருந்த மீன், பவளம் எதையும் அம்மா பார்க்கவில்லை.

"கறுப்புக் கயிறு யாருடா கட்டிவிட்டது?"