ஏர்போர்ட் கடையில் வாங்கும்போது செய்யக்கூடாதவை

லீவுக்கு முதல்முறையாக ஊருக்குக் கிளம்பும் பையன்களைத் துபாய் விமான நிலையத்தில் பார்க்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது. பெட்டியைப் போட்டாயிற்று, இமிக்ரேஷனும் முடிந்தது. கையில் ஒரு மணி நேரமும் மிச்சத் திர்ஹாமும் இருக்கின்றன. சாமான் பட்டியலில் விட்டுப்போன சித்தப்பா அப்போதுதான் ஞாபகத்துக்கு வருவார். வரியில்லாத ‘டூட்டி ஃப்ரீ’ கடைக்குள் கால் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

வரி இல்லை என்பதால் மலிவு என்று நினைப்பது

நாட்டை விட்டு வெளியேறும் பொருளுக்கு உள்ளூர் வரி எதற்கு என்ற கணக்கில் 1947-ல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. வரி அதிகமுள்ள பொருளில்தான் மிச்சம் தெரியும். துபாயில் வாட் வரியே 5 சதவீதம்தான். சாக்லேட்டையும் பால் பவுடரையும் துபாய் ஊருக்குள் சூப்பர் மார்க்கெட்டிலேயே வாங்கிப் பெட்டியில் கட்டிவிடுங்கள்.

மாறிப் போகும் விமானத்தை மறந்து பாட்டில் வாங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் ஆத்திரம் வருகிறது. மும்பை வழியாக மதுரை போன தம்பி ஒருவன், மாமாவுக்காக இரண்டு பாட்டில் வாங்கினான். கடைக்காரர் பையை சீல் வைத்துக் கொடுத்தார். வீடு வரைக்கும் அது செல்லும் என்று நம்பிவிட்டான். மும்பையில் பெட்டியை எடுத்தான், சுங்கத்தைத் தாண்டினான், பெட்டியை மறுபடி ஒப்படைத்துவிட்டுப் பாட்டிலோடு உள்நாட்டுப் பாதுகாப்புச் சோதனைக்குப் போனான். அங்கே நிறுத்திவிட்டார்கள். இரண்டும் அங்கேயே போயின. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு அது.

சுங்கம் வேறு, பாதுகாப்பு வேறு. 2 லிட்டர் மது கொண்டுவரலாம் என்பது சுங்கத்தின் சலுகை. கைப்பையில் எது ஏறலாம் என்பதை அது தீர்மானிக்காது. மும்பையில் இறங்கி வெளியே வந்துவிட்டால் நீங்கள் புதிதாக ஏறும் உள்நாட்டுப் பயணிதான். அதனால் பெல்ட்டில் பெட்டி வந்ததும் அங்கேயே திறந்து, பாட்டிலை லுங்கியில் நன்றாகச் சுற்றி உள்ளே வையுங்கள். அப்புறம் ஒப்படையுங்கள். இதற்கு இடமும் எடையும் வேண்டும் என்பதால், துபாயில் கட்டும்போதே ஓரிரண்டு கிலோ விட்டுவையுங்கள்.

கடைக்காரர் பையில் வைத்த சீலை வழியில் பிரிக்கவே கூடாது. 100 மில்லிக்கு மேற்பட்ட சென்ட் பாட்டிலைக் கைப்பையில் கொண்டுபோனாலும் இதே கதிதான்.

கார்டில் ரூபாயாகக் கட்டுவது

திர்ஹாமிலேயே கட்டுங்கள். கார்டு மெஷினில் ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதத்தில் காசு வீணாகப் போகும்.

மிச்சத் திர்ஹாமைத் தீர்ப்பதற்காகவே வாங்குவது

லீவு முடிந்து திரும்பி வரத்தானே போகிறீர்கள், பர்ஸிலேயே இருக்கட்டும்.