ரிப்பன் வெட்டியாச்சு, அப்புறம்? ஏற்றுமதியிலும் அந்நிய முதலீட்டிலும் அரசுகள் செய்யும் தவறுகள்

வளரும் நாட்டுக்கு டாலரும் வேண்டும், வேலையும் வேண்டும். அதற்காக மாநாடு கூட்டுவார்கள், புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும், மேடையில் ஒரு பெரிய தொகையை அறிவிப்பார்கள். அந்தத் தொகையை முதலீடு என்று எண்ணிக்கொள்வதுதான் முதல் தவறு. அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. வந்து இறங்கிய இயந்திரத்தையும் துறைமுகம் தாண்டிய கன்டெய்னரையும் மட்டும் எண்ணினால் போதும்.

அடுத்தது வரிவிலக்குப் போட்டி. பக்கத்து நாடு ஐந்து வருஷம் என்றால் நாம் பத்து வருஷம் என்று ஏலம் போடுவது. புது ஆலைக்கு முதல் சில வருஷங்களில் லாபமே இருக்காது. லாபமில்லாத இடத்தில் லாப வரி விலக்கால் என்ன பயன்? சுரங்கக் கம்பெனியோ தாது இருக்கும் இடத்துக்கு எப்படியும் வந்தாக வேண்டும். அதற்கும் விலக்கு கொடுப்பது கஜானாவிலிருந்து சும்மா தூக்கிக் கொடுப்பதுதான். முதலீட்டாளர்களிடம் உலக வங்கி நடத்திய கருத்துக்கணிப்பில் அரசியல் நிலைத்தன்மையும் சட்டச் சூழலும்தான் முன்னால் நின்றன. வரி அவற்றுக்குப் பின்னால்தான் வந்தது. இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீத வரி என்று 2021-இல் 130-க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் பலவற்றில் 2024 முதல் அது சட்டமாகவே இருக்கிறது. நீங்கள் விட்டுக்கொடுத்த வரியை அந்தக் கம்பெனியின் தாய்நாடு வசூலித்துக்கொள்ளலாம். ஏழை நாடு பணக்கார நாட்டுக்கு மொய் எழுதுவது போல.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படும் தவறு வேறு: இறக்குமதியை ஏற்றுமதியின் எதிரியாகப் பார்ப்பது. ஒரு சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். துணி, பட்டன், உள்ளே வைக்கும் கேன்வாஸ், லேபிள் என்று பாதிக்கு மேல் வெளியிலிருந்து வரும். துணி 100 ரூபாய், சுங்கவரி 25 ரூபாய் என்று வைப்போம். ஏற்றுமதி செய்ததும் அந்த 25 திரும்பக் கிடைக்கும் என்பது விதி. ஆனால் கோப்பு நகர எட்டு மாதம் ஆனால்? வருஷத்துக்கு 12 சதவீத வட்டியில் 2 ரூபாய் போய்விட்டது. சட்டையில் நிற்பதே 5 ரூபாய் என்றால் லாபத்தில் 40 சதவீதம் சுங்க அலுவலக அலமாரியில் தூங்குகிறது. ஏற்றுமதிக்கு மானியம் அறிவித்த அதே அரசுதான் இதையும் செய்கிறது.

பங்களாதேஷ் 1980களில் இதைச் சுற்றிப் போக வழி கண்டது. ஏற்றுமதிக்கான துணி வரி கட்டாமல் பாண்டட் கிடங்குக்கு, அதாவது சுங்கத்துறையின் கண்காணிப்பில் உள்ள கிடங்குக்கு, வரலாம். வெளிநாட்டு வாங்குபவர் திறந்த எல்சியை (சரக்குக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) காட்டி, துணி வாங்க இன்னொரு எல்சி திறக்கலாம். கையில் முதல் இல்லாதவரும் ஆலை நடத்த முடிந்தது. வரியை வாங்கித் திருப்பித் தருவதை விட, முதலிலேயே வாங்காமல் விடுவது மேல்.

பணமாகக் கொடுக்கும் ஊக்கத்தொகைக்கு இன்னொரு ஆபத்து உண்டு. காகிதத்தில் ஏற்றுமதி நடக்கும். கென்யாவில் 1990களின் தொடக்கத்தில், நாட்டில் பெயருக்குத்தான் இருந்த தங்கமும் சுத்தமாக இல்லாத வைரமும் ஏற்றுமதியானதாகக் கணக்குக் காட்டி 35 சதவீத ஊக்கத்தொகை வாங்கினார்கள். கோல்டன்பர்க் ஊழல் என்று அதற்குப் பெயர்.

ஏற்றுமதி மண்டலத்தை அரசியல் கணக்குப் போட்டு ஒதுக்குப்புறத்தில் வைப்பதும் பழைய தவறு. பிலிப்பைன்ஸ் 1970களில் பத்தானில், மலைப்பாங்கான இடத்தில் மண்டலம் அமைத்தது. நிலத்தைச் சமன் செய்வதிலிருந்து ரோடு, மின்சாரம், வீடு வரை எல்லாவற்றுக்கும் அரசே செலவழிக்க வேண்டியிருந்தது.

ஒரே சந்தையின் சலுகையை நம்பி ஆலை கட்டுவதைப் பற்றி எத்தியோப்பியாவைக் கேட்க வேண்டும். ஹவாசா தொழில் பூங்கா 2016-இல் திறந்தது. அமெரிக்காவுக்கு வரியில்லாமல் ஆடை அனுப்பலாம் என்பதுதான் அதன் பெரிய கவர்ச்சி. உள்நாட்டுப் போரில் நடந்த மனித உரிமை மீறல்களைக் காரணம் காட்டி, 2022 ஜனவரி முதல் அமெரிக்கா அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. கம்பெனிகள் கிளம்பின, தைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலை இழந்தார்கள். சலுகை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இருக்கும்போதே இரண்டாவது சந்தையைத் தேட வேண்டும்.

சரி, கம்பெனி வந்துவிட்டது. உள்ளூர்க்காரர் என்ன கற்றுக்கொண்டார் என்று யாரும் கேட்பதில்லை. பங்களாதேஷின் தேஷ் கார்மென்ட்ஸ் 1979-இல் சுமார் 130 பேரைத் தென்கொரியாவின் டேவூ ஆலைக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் சில வருஷங்களில் அங்கிருந்து விலகி, சொந்தமாகவோ பிறரோடு சேர்ந்தோ ஆடைத் தொழிலில் இறங்கினார்கள். தேஷுக்கு அது நஷ்டம். நாட்டுக்கோ ஒரு தொழிலே கிடைத்தது.

கோஸ்டாரிகாவிலும் கிட்டத்தட்ட இதே கதை. 1996-இல் இன்டெல்லைக் கொண்டுவந்தபோது தொழில்நுட்பக் கல்வியையும் ஆங்கிலப் பயிற்சியையும் கூடவே விரிவாக்கினார்கள். 2014-இல் இன்டெல் தன் சிப் பூட்டும் பணியை ஆசியாவுக்கு மாற்றுவதாக அறிவித்து, சுமார் 1,500 வேலைகள் போயின. ஆனால் பயிற்சி பெற்ற கைகள் ஊரிலேயே இருந்தன. இன்று அந்த நாட்டின் முதன்மை ஏற்றுமதி மருத்துவக் கருவிகள்.