சாக்கு வாங்கப் போகிறீர்களா? தராசோடு போங்கள்

சென்னை கொருக்குப்பேட்டையில் அப்பா காலத்துச் சாக்குக் கடை எங்களுடையது. அவர் விற்றது சணல் கோணி. நான் விற்பது முக்கால்வாசி பிளாஸ்டிக் சாக்கு. சிமென்ட் இதற்கு மாறியது. உரம், மாட்டுத்தீவனம், மாவு எல்லாம் பின்னாலேயே வந்தன. சணலில்தான் கட்ட வேண்டும் என்ற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால் அரசு கொள்முதல் செய்யும் தானியம் மட்டும் பெரும்பாலும் சணலிலேயே நிற்கிறது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான லேபிள் போட்ட அரிசிப் பைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும், எல்லோரும் 26 கிலோவுக்குத் தாவினார்கள். 25 என்று அச்சடித்த பைகள் கட்டுக் கட்டாக என் பரணில் இன்னும் தூங்குகின்றன.

சரி, புதிதாக வியாபாரம் தொடங்குபவர்கள் வந்ததும் கேட்பது, "ஒரு பை என்ன ரேட்டுண்ணே?" அதைக் கேட்காதீர்கள். "எத்தனை கிராம்?" என்று கேளுங்கள். சாக்கின் விலை பிளாஸ்டிக் குருணையின் விலைதான். மெலிந்த பைதான் மலிவாக இருக்கும்.

பத்துப் பையை ஒன்றாக எடை போடுங்கள். 540 கிராம் என்றால் ஒரு பை 54 கிராம். பை 45 செ.மீ. அகலம், 75 செ.மீ. நீளம் என்று வையுங்கள். 0.45 x 0.75, இரண்டு பக்கத்துக்கு இரண்டால் பெருக்கினால் 0.675 சதுர மீட்டர். 54-ஐ அதனால் வகுத்தால் 80, அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம். இதைத்தான் ஜிஎஸ்எம் என்கிறார்கள். அடிமடிப்பும் தையல் நூலும் ஒன்றிரண்டு கிராம் கூட்டும், அதை விடுங்கள்.

ஆனால் எடையிலும் ஏமாற்றலாம். சுண்ணாம்புப் பொடியை அதிகம் கலந்தால் பை கனக்கும், வலு இருக்காது. அதனால் சாக்கை நெய்திருக்கும் பிளாஸ்டிக் நாடாவில் ஒன்றை ஓரத்திலிருந்து உருவி இழுத்துப் பாருங்கள். நல்ல நாடா கொஞ்சம் நீண்டு, விரலை அறுத்துவிட்டுத்தான் அறும். கலப்படம் வெளிறித் தெரியும், சட்டென்று முறியும்.

பையின் வாய் சூட்டில் வெட்டியதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நாடா பிரிந்துகொண்டே போகும். சரக்கு வெயிலில் கிடக்கும் என்றால் புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்து கலந்த சாக்காகவே கேளுங்கள். சாதாரணச் சாக்கு மொட்டை மாடியில் சில மாதத்தில் உதிர்ந்துவிடும்.

பளபளவென்று படம் போட்ட பை கடையில் அழகுதான். அதில் பொடித் துளை இருக்கிறதா பாருங்கள். காற்று வெளியேற வழி இல்லாவிட்டால், தூக்கிப் போட்டதும் வெடிக்கும். வழுக்கவும் செய்யும். ஒருமுறை மீன்பாடி வண்டியில் ஆறடுக்கு ஏற்றி, மூலக்கொத்தளம் பக்கம் ஒரு திருப்பத்தில் மேலடுக்கு மொத்தமும் சரிந்தது. கட்டியிருந்த கயிறு அப்படியே இருந்தது, பை மட்டும் நழுவிவிட்டது. அதிலிருந்து நான்கடுக்குக்கு மேல் ஏற்றினால் இடையில் பழைய கோணி ஒன்றை விரித்துவிடுகிறேன்.

பழைய உரச் சாக்கைக் கழுவி அரிசிக்குப் போடலாமா என்று கேட்டால், நான் விற்க மாட்டேன். மணல் அள்ள வேண்டுமானால் வாங்கிப் போங்கள்.